பழைய டிரேடிங் கார்டுகள்: உண்மையான விலையை இணையத்தில் அறிவது எப்படி?

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் சிறுவர்கள் பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைக்கும் பட அட்டைகளுக்கு டிரேடிங் கார்டுகள் என்று பெயர். நம் ஊரில் பபுள்கம்முடன் வந்த கிரிக்கெட் அட்டைகளைச் சேர்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1952ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 1999ல் வெளிவந்த போக்கிமான் சாரிசார்ட் முதல் பதிப்பு அட்டை ஒன்று 2022 மார்ச்சில் 4 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது.

இத்தகைய செய்திகளைப் படித்தவர்கள் இரண்டு வகையில் பணத்தை இழக்கின்றனர். சிலர் மதிப்புள்ள அட்டையை வந்த விலைக்குத் தள்ளிவிடுகின்றனர். சிலர் மதிப்பில்லாத அட்டைக்குத் தரச் சான்றிதழ், தபால் செலவு எனக் கையிலிருந்து செலவழிக்கின்றனர். இரண்டையும் தவிர்க்க ஒரு கம்ப்யூட்டரும், இன்டர்நெட் இணைப்பும், சிறிது பொறுமையும் போதும்.

என் அக்கா நியூஜெர்சியில் வசிக்கிறார். சென்ற ஆண்டு வீடு மாறும்போது, அவர் மகன் பள்ளி நாட்களில் சேர்த்த 360 போக்கிமான் அட்டைகள் ஒரு பெட்டியில் கிடைத்தன. பழைய பொருள் வாங்குபவர் ஒருவர் மொத்தத்திற்கும் 50 டாலர் தருவதாகக் கூறினார். "கொடுத்துடலாமாடா தம்பி?" என்று அக்கா போனில் கேட்டார். ஒரு வாரம் பொறுக்கும்படி சொல்லிவிட்டு, சென்னையில் என் கம்ப்யூட்டரில் அமர்ந்தே அவற்றை மதிப்பிட்டேன். அதே வழியை இங்கு படிப்படியாகத் தருகிறேன்.

1. ஸ்கேன் செய்திடவும்

பெரும்பாலான அட்டைகள் 2.5 அங்குல அகலமும் 3.5 அங்குல உயரமும் கொண்டவை. ஏ4 ஸ்கேனரில் ஒரே நேரத்தில் 9 அட்டைகளை வைக்கலாம். 360 அட்டைகளுக்கு 40 ஸ்கேன்கள். பின் பக்கத்தையும் எடுக்க வேண்டும் என்பதால் 80. முதல் சுற்றுக்கு 300 டிபிஐ போதும். மதிப்புள்ளவை எனத் தெரிய வரும் அட்டைகளை மட்டும் பின்னர் 600 டிபிஐ அளவில் தனியாக எடுக்கலாம். ஃபைல்களுக்கு 01-முன், 01-பின் என்று வரிசையாகப் பெயர் கொடுத்து ஒரே ஃபோல்டரில் சேமிக்கவும். பெட்டியில் உள்ள அட்டைகளின் வரிசையையும் மாற்றாமல் வைத்திருக்கவும்.

2. எந்த அட்டை என்பதை உறுதி செய்திடவும்

இந்தப் படியில்தான் அதிகக் கவனம் தேவை. ஒரே படம் பல ஆண்டுகளில் பல முறை அச்சிடப்பட்டிருக்கும். விலையோ பல மடங்கு வேறுபடும். சாரிசார்ட் அட்டையையே எடுத்துக்கொள்வோம். அட்டையின் கீழ் மூலையில் உள்ள எண்ணைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும். 4/102 என்று இருந்தால் அது 1999ல் ஆங்கிலத்தில் வெளியான பேஸ் செட். 4/130 என்று இருந்தால் 2000ல் வந்த பேஸ் செட் 2. 11/108 என்றால் 2016ல் வந்த எவல்யூஷன்ஸ். 2021ல் வெளியான செலிப்ரேஷன்ஸ் தொகுப்பில் பழைய அட்டையை அதே 4/102 எண்ணுடன் மறுபடியும் அச்சிட்டார்கள். ஆனால் அதில் 25ஆம் ஆண்டு சின்னம் இருக்கும்.

பேஸ் செட் என்று உறுதியானால், அடுத்து இரண்டு விஷயங்களைப் பார்க்கவும். படத்தின் இடது கீழ்ப் புறத்தில் முதல் பதிப்பு என்பதைக் காட்டும் சிறிய கறுப்பு முத்திரை உள்ளதா? படச் சட்டத்தின் வலது ஓரத்தில் நிழல் போன்ற கோடு உள்ளதா? முத்திரை இருந்தால் அது முதல் பதிப்பு. முத்திரையும் இல்லை, நிழலும் இல்லை என்றால் அது ஷேடோலெஸ் என அழைக்கப்படும் அடுத்த பதிப்பு. முத்திரை இல்லாமல் நிழல் மட்டும் இருந்தால் அது அன்லிமிடெட் எனப்படும் அதிகம் அச்சான பதிப்பு. மூன்றுக்கும் விலை வேறு.

கூகுள் லென்ஸ் போன்ற வசதிகளில் படத்தைக் கொடுத்தால் அட்டையின் பெயரைச் சொல்லிவிடும். ஆனால் பதிப்பைச் சரியாகச் சொல்லும் என்று நம்ப வேண்டாம். அதை உங்கள் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

பழையது என்றாலே விலை உயர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பேஸ்பால் அட்டைகள் அளவுக்கு மீறி அச்சிடப்பட்டன. அவற்றை வாங்கியவர்களும் பத்திரமாகப் பாதுகாத்தனர். அதனால் இன்றும் அவை ஏராளமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு விலை இல்லை.

3. நிலையைப் பார்க்கவும்

நான்கு மூலைகள், ஓரங்கள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்துள்ளதா என்ற நான்கையும் கவனிக்கவும். மூலைகளில் வெள்ளையாகத் தேய்ந்திருக்கிறதா என்பது ஸ்கேனில் நன்றாகத் தெரியும். மின்னும் ஹோலோ அட்டைகளில் உள்ள மெல்லிய கீறல்கள் ஸ்கேனில் சரியாகத் தெரியாது. விளக்கின் கீழ் சாய்த்துப் பார்க்க வேண்டும். இதற்காக அக்காவை வீடியோ அழைப்பில் வரச் சொல்லிப் பார்த்தேன்.

அட்டையை ரப்பரால் அழிப்பது, துடைப்பது, ஓரத்தைச் சீராக வெட்டுவது ஆகியவை கூடவே கூடாது. ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் 1909-11 காலத்து அட்டை ஒன்று மிகப் புகழ் பெற்றது. பிஎஸ்ஏ என்ற தரச் சான்று நிறுவனம் முதன்முதலில் சான்று அளித்த அட்டை அதுதான். 2007ல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதன் ஓரங்களைத் தான் வெட்டியதாக ஓர் ஏல நிறுவனத்தின் முன்னாள் தலைவர் 2013ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அந்த அட்டையின் புகழ் வேறு. சாதாரண அட்டையில் இப்படி வெட்டியது தெரிந்தால் மதிப்பு பெருமளவு போய்விடும்.

4. கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு

இபே தளத்தில் அட்டையின் பெயரையும் எண்ணையும் ஆங்கிலத்தில் டைப் செய்து தேடினால், தலை சுற்றும் விலைகள் வரும். அவை விற்பவர்கள் கேட்கும் விலைகள். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். எனவே இடது பக்கப் பட்டியலில் கீழே சென்று, சோல்ட் ஐட்டம்ஸ் என்ற கட்டத்தில் டிக் செய்திடவும். இப்போது ஏறத்தாழ கடந்த மூன்று மாதங்களில் விற்பனையானவை மட்டும் வரும்.

தேவையில்லாத முடிவுகளை நீக்க, தேடல் சொற்களுக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறியை இட்டு, அதை ஒட்டியே வேண்டாத சொல்லை டைப் செய்திடவும். உங்களிடம் உள்ளது சான்று பெறாத அட்டை என்றால் பிஎஸ்ஏ என்ற சொல்லையும், மறு அச்சு என்பதற்கான ரீபிரிண்ட் என்ற சொல்லையும் இவ்வாறு நீக்கலாம்.

உங்கள் அட்டையின் அதே பதிப்பு, அதே நிலையில் விற்ற ஐந்து விற்பனைகளைக் குறித்துக் கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, அவை 40, 42, 45, 47, 120 டாலர் எனக் கொள்வோம். சராசரி எடுத்தால் ஏறத்தாழ 59 டாலர் வரும். அந்த ஒரு 120 அதை உயர்த்திவிட்டது. வரிசைப்படுத்தி நடுவில் உள்ள 45 டாலரை எடுப்பதே நியாயமான மதிப்பு. விலை அடித்துக் காட்டப்பட்டு, பேரம் ஏற்கப்பட்டதாகக் குறிப்பு இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். உண்மையில் விற்றது அதைவிடக் குறைந்த விலைக்கு.

டிசிஜி பிளேயர், பிரைஸ் சார்ட்டிங் ஆகிய தளங்களிலும் விலைகளைச் சரிபார்க்கலாம். சான்று பெற்ற அட்டைகளின் முந்தைய ஏல விலைகள் பிஎஸ்ஏ தளத்தில் உள்ளன.

5. எக்செல்லில் பட்டியல் இடவும்

எண், பெயர், பதிப்பு, நிலை, விற்ற விலை என ஐந்து காலங்கள் போதும். பின்னர் விலைக் காலத்தை இறங்கு வரிசையில் அடுக்கவும். அக்காவின் பட்டியலை இப்படி அடுக்கியதும் நிலைமை தெளிவானது. 360ல் 11 அட்டைகளில்தான் பெரும்பகுதி மதிப்பு இருந்தது. அவற்றில் ஒன்று பேஸ் செட் சாரிசார்ட். முத்திரை இல்லை, நிழல் உண்டு, மூலைகள் தேய்ந்திருந்தன. ஆனாலும் அந்த ஒன்றே 50 டாலரைவிட இரண்டு மடங்குக்கு மேல் விற்கக் கூடியது. அக்கா 11 அட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை அதே நபருக்கு 30 டாலருக்குக் கொடுத்தார்.

6. சான்றிதழ் தேவையா?

பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து 1 முதல் 10 வரை தரம் அளித்து, பிளாஸ்டிக் உறையில் மூடித் தருகின்றன. அனுப்பும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். சான்று பெற்ற பின் கிடைக்கக் கூடிய விலையிலிருந்து இப்போதைய விலையைக் கழியுங்கள். மீதி, சான்றுக் கட்டணத்தையும் தபால் செலவையும் விட நன்கு கூடுதலாக இருந்தால் மட்டும் அனுப்பலாம். 10 கிடைக்கும் என்று கணக்கிடாதீர்கள். 7 அல்லது 8 என்று வைத்துப் பாருங்கள்.

சில எச்சரிக்கைகள்

உறையில் உள்ள அட்டையை வாங்குவதாக இருந்தால், லேபிளில் உள்ள எண்ணை பிஎஸ்ஏ தளத்தில் கொடுத்துச் சோதிக்கவும். எண்ணையே நகல் எடுக்கும் ஏமாற்றுக்காரர்களும் இருப்பதால், தளத்தில் படம் இருந்தால் அட்டையுடன் ஒப்பிட்டுப் பார்க்கவும். விற்கும்போது தளம் எடுத்துக் கொள்ளும் கட்டணத்தையும் கழித்தே லாபத்தைக் கணக்கிடவும். மதிப்பிட்டுத் தருகிறேன் என்று கூறி அட்டையை முன்கூட்டியே அனுப்பச் சொல்பவர்களிடம் கவனமாக இருக்கவும். விற்ற விலைகள் எவரும் பார்க்கும்படி இணையத்தில் உள்ளன. அவற்றைப் பார்த்த பின்னரே பெட்டியைக் கை மாற்றுங்கள்.