மழைக்காலத்தில் கேஸ் டிடெக்டர்: இந்த வாரமே கவனியுங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. இனி டிசம்பர் வரை ஓட்டல் அடுப்படிகளிலும் மண்டபச் சமையற்கட்டுகளிலும் சாரலுக்காக ஜன்னலைச் சாத்தியே வேலை நடக்கும். கசிந்த கேஸ் வெளியேற வழி குறைந்த காலம் இது. கையடக்க டிடெக்டரை ஈரம் பாதிப்பதும் இப்போதுதான்.

முதலில் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். கம்பி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் துடைத்துக் காயவைத்துப் புதிய பேட்டரி போடுங்கள். கேஸ் வாடை அடிக்கும் இடத்தில் இந்த வேலையே கூடாது.

விலை குறைந்த கருவிகள் பலவற்றில் இருப்பது சூடேறி வேலை செய்யும் டின் ஆக்சைடு சென்சார். காற்றில் ஈரம் மாறினால் அதன் அளவும் நகரும். ஏசி வண்டியிலிருந்து எடுத்தவுடன் முனை வலையில் பனித்துளி படியும். கருவி வெளிச் சூட்டுக்கு வரும்வரை பொறுத்து, திறந்த வெளியில் ஆன் செய்து, கையேட்டில் சொன்ன நேரம் சூடேற விடுங்கள். பூஜ்யம் வைப்பதும் அங்கேதான். அடுப்படிக்குள் நின்று பூஜ்யம் வைத்தால், அங்கே ஏற்கெனவே பரவியிருக்கும் கேஸையே நல்ல காற்று என்று கருவி எடுத்துக்கொள்ளும்.

சானிடைசர், தின்னர், வாசனை ஸ்பிரே பட்டால் கருவி சும்மாவே கத்தும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கத்த வேண்டிய நேரத்தில் வாய் மூடியிருப்பதுதான் ஆபத்து. மழைக்காலத்தில் துருவுக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரேயையும் சிலிக்கான் பசையையும் டிடெக்டர் இருக்கும் பையில் வைக்காதீர்கள். அந்த ஆவி சென்சார்மேல் படிந்து அதன் உணர்வையே கொன்றுவிடும். விளக்கு எரியும், திரை ஒளிரும், கேஸ் மட்டும் தெரியாது. அதனால் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் சோதனை கேஸ் காட்டிப் பாருங்கள். சிகரெட் லைட்டரை முனைக்கு நேரே பீய்ச்சுவது பலருக்கும் பழக்கம். அடர்ந்த கேஸ் சென்சாரைக் கெடுத்துவிடும், விட்டுவிடுங்கள். சோதனை கேஸுக்கும் அசையாவிட்டால் சென்சார் மாற்றும்வரை அந்தக் கருவியை எடுக்காதீர்கள்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. தரையோரம், சிலிண்டர் அடி, மேடைக்குக் கீழ் என்று முனையை மெதுவாக நகர்த்துங்கள். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசானது, அதற்கு மேல்பக்கம் பாருங்கள். சாக்கடை மூடியருகே முனை தண்ணீரில் படாமல் பிடியுங்கள். சில வகைக் கருவிகளில் கேஸ் மிக அடர்த்தியானால் அளவு ஏறிச் சட்டென்று இறங்கிவிடும். அதைக் கசிவு நின்றதாக எண்ணி உள்ளே போய்விடாதீர்கள்.

இணைப்பில் கசிவு எங்கே என்று உறுதிசெய்யச் சோப்புத் தண்ணீரே போதும். வாடை பலமாக இருந்தால் கருவியைத் தேட வேண்டாம். எரியும் அடுப்பை அணைத்து, ரெகுலேட்டரை மூடி, எந்த சுவிட்சையும் தொடாமல், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே வாருங்கள். எல்.பி.ஜி. கசிவுக்கு நாடு முழுவதும் 24 மணி நேர அவசர எண் 1906. வெளியே வந்த பிறகு அழையுங்கள்.