சென்னை – போர்ட் பிளேர்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

போர்ட் பிளேரில் குடியிருக்கிற எங்களிடம், ஊரிலிருந்து வரத் திட்டமிடும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே நேர்கோட்டில் சுமார் 1,370 கிலோமீட்டர். டிக்கெட்டில் இரண்டு மணி நேரம் அல்லது அதற்குக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். ஓடுபாதைவரை ஊர்ந்து போகும் நேரமும் அதில் சேர்ந்ததுதான். 2024இல் ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் ஐ.எக்ஸ்.இசட். என்ற விமான நிலையக் குறியீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர்வரை தென்னிந்தியாவுக்கு மேலே, விமானம் பறக்கும் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கே பலத்த காற்று வீசும். இந்தக் கீழைக்காற்று ஓட்டத்தை 1958இல் ஆராய்ந்து எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் சென்னையிலிருந்து வரும் விமானம் எதிர்காற்றில் வருகிறது. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடுகிறது. கால் மணி நேரம் முன்பின்னாக ஆவது சாதாரணம்.

காற்றைவிட முக்கியமாக நான் சொல்வது வெயிலைப் பற்றி. நாங்கள் சென்னைக்குக் கிழக்கே பன்னிரண்டரை பாகை தள்ளி இருக்கிறோம், கடிகாரம் மட்டும் ஒன்றுதான். டிசம்பரில் மாலை ஐந்துக்கே சூரியன் மறைந்துவிடும். சென்னையில் அப்போது இன்னும் முக்கால் மணி நேர வெளிச்சம் பாக்கி இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு வந்திறங்கி, பெட்டியை எடுத்து, அறைக்குப் போய் முகம் கழுவி வெளியே வந்தால் கடற்கரையில் வெளிச்சம் அதிக நேரம் இருக்காது. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகையும் அன்று பிடிக்க முடியாது. கட்டணம் கொஞ்சம் கூடினாலும் காலை விமானத்திலேயே வாருங்கள். ஒரு முழுப் பகல் மிச்சமாகும்.

மழைக்காலத்தில் இன்னொன்றும் உண்டு. மேகம் தாழ்ந்து ஓடுபாதை தெரியாவிட்டால், விமானம் வானில் சுற்றிப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட ஊருக்கே திரும்பிவிடும். பக்கத்தில் இறங்க வேறு பெரிய ஊர் இல்லை. யாங்கூனும் பாங்காக்கும் எங்களுக்குச் சென்னையைவிடக் கிட்டே இருக்கின்றன, ஆனால் அவை வேறு நாட்டு ஊர்கள். கப்பல் இருக்கிறதே என்றால், இங்குள்ள ஹேடோ துறையிலிருந்து சென்னை சேர ஏறக்குறைய மூன்று நாள்.

பெரிய மருத்துவத்துக்கு நாங்கள் சென்னைக்குத்தான் போக வேண்டும். விமானம் இப்படித் தவறலாம் என்பதால், அம்மாவை அழைத்துப் போகும்போதெல்லாம் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கு முந்தைய நாளே போய்த் தங்கிவிடுகிறோம். சுற்றுலா வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: போர்ட் பிளேரிலிருந்து சென்னையில் இறங்கும் அன்று இரவே மதுரைக்கோ கோவைக்கோ ரயில் டிக்கெட் போடாதீர்கள். நடுவில் ஓர் இரவு விடுங்கள்.