இரும்பைச் சாபமும் சான்றுகளை எடைபோடும் கலையும்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி இருக்கிற ஊர் இரும்பை. அங்குள்ள மாகாளேசுவரர் கோயில், தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-இல் ஒன்று. கோயிலைச் சுற்றி ஒரு கதை வழங்குகிறது. கடுவெளிச் சித்தர் தவத்தில் இருக்கிறார். மழை பொய்க்கிறது. தவத்தின் வெப்பமே காரணம் என்று அஞ்சிய மன்னன், கோயில் நடனப் பெண் ஒருத்தியைக் கொண்டு தவத்தைக் கலைக்கிறான். பிறகு விழாவில் ஆடும்போது அவள் கால் சிலம்பு கழன்று விழ, சித்தர் அதை எடுத்து மாட்டிவிடுகிறார், கூட்டம் சிரிக்கிறது. சித்தர் சினந்து பாட, கருவறை லிங்கம் மூன்றாக வெடிக்கிறது, நாடு பாலையாகிறது. மன்னன் மன்றாடியதும், தூரதேசத்து மனிதர்கள் வந்து இந்த மண்ணை மறுபடி பசுமையாக்குவார்கள் என்று சித்தர் சொல்லிவிட்டுப் போகிறார். 1968 பிப்ரவரி 28-இல் ஆரோவில் தொடங்கியது, செம்மண் பொட்டலில் காடு வளர்ந்தது, வாக்கு பலித்தது என்று கதை முடிகிறது.

எந்த ஆதாரத்தை எதற்கு நம்புவது என்று மாணவர்களுக்குச் சொல்லித்தர இதைவிடப் பொருத்தமான பாடம் இந்த வட்டாரத்தில் கிடைக்காது. ஆனால் பள்ளிகளில் இந்தத் திறன் பெரும்பாலும் ஒரு பட்டியலாகத்தான் கற்பிக்கப்படுகிறது: பாடநூலை நம்பலாம், கல்வெட்டை நம்பலாம், வாட்ஸ்அப் செய்தியை நம்பாதே, கதையை நம்பாதே. இந்தப் பட்டியல்தான் சிக்கலே. ஒரே சான்று ஒரு கேள்விக்கு மலைபோல் நிற்கும், அடுத்த கேள்விக்கு ஒன்றுக்கும் உதவாது. கேள்வி என்ன என்று தெரியாமல் சான்றுக்கு மதிப்பெண் போட முடியாது.

நம்பிக்கை: பழைய ஆதாரமே பலமான ஆதாரம்.

உண்மை: இரும்பை பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகம். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. வண்டுகள் பாடும் சோலை சூழ்ந்த இடம் மாகாளம் என்கிறது அதன் முதல் பாட்டு. ‘சம்பந்தர் காலத்தில் இங்கே அடர்ந்த காடு இருந்தது, சாபத்துக்குப் பிறகுதான் பாலையானது’ என்று ஒரு மாணவர் எழுதினால் என்ன சொல்வது? அவர் ஆதாரம் காட்டியிருக்கிறார், அதுவும் சமகால ஆதாரம். ஆனால் சோலையும் வண்டும் தேவாரத்தில் ஊருக்கு ஊர் வரும் மரபு வருணனை. சோலையே இல்லாத ஊர் என்று தேவாரத்தில் ஓர் ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் கடினம். ஆகவே ஏழாம் நூற்றாண்டில் இரும்பையில் மாகாளம் என்ற சிவன் கோயில் வழிபாட்டில் இருந்தது என்பதற்கு இந்தப் பதிகம் அசைக்க முடியாத சான்று. அங்கே எவ்வளவு மரம் நின்றது என்பதற்கு மிகப் பலவீனமான சான்று. எதிர்ப்பக்கத்திலும் இதே தவறு நடக்கும். ‘பதிகத்தில் சித்தரும் இல்லை, வெடித்த லிங்கமும் இல்லை, எனவே கதை பொய்’ என்று சிலர் வாதிடுவார்கள். கடுவெளிச் சித்தர் பெயரில் உள்ள பாடல்களின் நடை சம்பந்தருக்கு மிகவும் பிற்பட்டது. தமக்குப் பின்னால் வந்தவரைப் பற்றிச் சம்பந்தர் பாடவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. ஒரு சான்று மௌனமாக இருப்பதற்குப் பொருள் உண்டா என்றால், அது பேசியிருக்க வேண்டிய இடமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: பத்து இடத்தில் ஒரே செய்தி இருந்தால் அது உண்மைதான்.

உண்மை: சித்தரின் சாபமும் வாக்கும் ஆன்மிக இதழ்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் காணொளிகளிலும் வருகின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் படித்தால் சம்பவங்கள் அதே வரிசையில், சில இடங்களில் அதே சொற்களில் இருக்கும். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய பத்துப் பிரதிகள் ஒரே சாட்சிதான். இங்கே மாணவர் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை பேர் சொல்கிறார்கள்’ என்பதல்ல, ‘முதலில் சொன்னது யார், எப்போது’ என்பது. அந்தக் கேள்விக்கு இந்தக் கதையில் ஒரு கூர்மையான முனை உண்டு. தூரதேசத்தவர் வந்து பசுமையாக்குவார்கள் என்ற பகுதி 1968-க்கு முன்பு அச்சான நூலிலோ தலபுராணத்திலோ உள்ளதா? இருந்தால் அது உண்மையிலேயே வியப்பான செய்தி. ஆரோவில் வந்த பிறகுதான் அச்சில் ஏறியது என்றால், கண்ணால் பார்த்த காட்டுக்கேற்பக் கதை வளர்ந்தது என்பதே எளிய விளக்கம். தேதியைத் தேடுகிற இந்த வேலையை மாணவர்களிடமே விட வேண்டும். அதற்கு, கையில் உள்ள பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை விட வேண்டும். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 10 வரலாற்று அறிஞர்களையும் 10 செய்தி சரிபார்ப்பாளர்களையும் 25 கல்லூரி மாணவர்களையும் ஒரே மாதிரியான இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொன்னார்கள். படித்த அறிஞர்களில் பலரும் மாணவர்களும் பக்கத்தின் தோற்றத்திலும் முத்திரையிலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில விநாடிகளில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துவது யார் என்று மற்றவர்கள் எழுதியதைத் தேடினார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தவர்கள் அவர்கள்தான்.

நம்பிக்கை: அறிவியல் விளக்கம் கிடைத்த பிறகு கதையைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

உண்மை: இந்த வட்டாரத்தின் செம்மண் மேடு பொட்டலானதற்கு விளக்கம் இருக்கிறது. இது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடுகள் வளரக்கூடிய கடற்கரைப் பகுதி. விறகுக்கும் மரத்துக்கும் வெட்டி, ஆடுமாடு மேய்ந்து மேல்மண் பிடிப்பு இழந்தால், வடகிழக்குப் பருவமழை அதை அடித்துக்கொண்டு போகும்; கடின செம்மண்ணும் ஆழமான ஓடைப் பிளவுகளுமே மிஞ்சும். ஆரோவில்லின் தொடக்க வேலைகளில் வரப்பு கட்டி, தடுப்பணை போட்டு மழைநீரை நிறுத்துவது முக்கியமானதாக இருந்ததற்குக் காரணம் இதுதான். மண் ஏன் போயிற்று என்ற கேள்விக்குக் கதை பதில் ஆகாது. ஆனால் வேறு கேள்விகளுக்கு அதுவே முதல் சான்று. இந்த மண் எப்போதும் இப்படி இருக்கவில்லை, மனிதர் செய்த ஏதோ பிழையால் கெட்டது என்ற எண்ணம் ஊர் நினைவில் இருப்பதைக் கதை காட்டுகிறது. இன்னொன்றையும் காட்டுகிறது: காட்டை உண்டாக்கியவர்கள் தூரதேசத்தவர் என்று சொல்லும்போது, குழி வெட்டி, தண்ணீர் சுமந்து, கன்று நட்டுக் கூலி வேலை செய்த இடையஞ்சாவடி, குயிலாப்பாளையம், இரும்பை ஊர்க்காரர்கள் கதையிலிருந்து காணாமல் போகிறார்கள். ஒரு சான்று யாரைப் பேசாமல் விடுகிறது என்பதும் மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று.

பக்கத்திலேயே இருக்கும் திருவக்கரை இதே பாடத்தை இன்னும் தெளிவாக நடத்துகிறது. அங்கே சிதறிக் கிடக்கும் கல்லான அடிமரங்களைக் கொல்லப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று ஊரில் சொல்வார்கள். 1781-இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் அவற்றைப் பதிவு செய்தார். இன்று அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பில் உள்ள தேசிய கல்மரப் பூங்கா. மரங்களின் வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள். அந்த மரங்கள் அங்கேயே வளர்ந்தவையா என்று கேட்டால், பலகையில் உள்ள வாசகத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. வெள்ளம் வேறெங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தது என்ற முடிவை ஒன்பதாம் வகுப்பு மாணவரே கண்ணால் பார்த்து எட்டலாம். புவியியல் துறை சொல்வதை நம்புவதற்குக் காரணம் அது அரசுத் துறை என்பதல்ல, அது காட்டும் தடயத்தை நாமே போய்ச் சரிபார்க்க முடிகிறது என்பது.

நம்பிக்கை: இப்படிக் கேள்வி கேட்கப் பழகினால் பிள்ளைகள் எதையும் நம்பமாட்டார்கள்.

உண்மை: இந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ‘எல்லாவற்றையும் சந்தேகி’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், மருத்துவர் சொல்வதும் வதந்தி சொல்வதும் ஒன்று என்று நினைக்கும் தலைமுறைதான் உருவாகும். ஆனால் நாம் கற்பிக்க வேண்டியது சந்தேகத்தை அல்ல, அளந்து நம்புவதை. பதிகத்தை எதற்கு முழுமையாக நம்பலாம் என்று தெரிந்த மாணவருக்கு அதன்மீது மதிப்பு கூடுமே தவிரக் குறையாது. பக்தி புண்படும் என்பதற்கும் இதுவே பதில். மாகாளேசுவரரை வணங்குவது மண் அரிப்பின் வரலாற்றைச் சார்ந்திருக்கவில்லை. வழிபாட்டைப் பற்றி வகுப்பறை தீர்ப்புச் சொல்லவே வேண்டாம். இன்னொரு ஆட்சேபம், பாடத்திட்டத்தில் இதற்கு நேரம் எங்கே என்பது. தனிப் பாடவேளை தேவையில்லை. சமூக அறிவியல் ஒப்படைப்பு எப்படியும் கொடுக்கிறோம். ‘உன் ஊர்க் கோயிலின் வரலாற்றை எழுது’ என்பதற்குப் பதில், பதிகம், ஊர்க்கதை, மண், ஒரு காணொளி என நான்கு சான்றுகளைத் தந்து, ஒவ்வொன்றும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது, ஏன் என்று எழுதச் சொன்னால் போதும். மதிப்பெண்ணைக் கதை உண்மையா பொய்யா என்ற முடிவுக்குக் கொடுக்காமல், அந்த ‘ஏன்’ என்பதற்குக் கொடுக்க வேண்டும். மதிப்பெண் எங்கே விழுகிறதோ அங்கேதான் மாணவர் உழைப்பும் போகும் என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும்.