சபைக் கூட்டெருவை வயலில் இறக்குமுன்

கமக்காரர்களே! சாகாமம் வட்டைகளில் பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும்போது எரு தேடி அலையாதோர் சிலரே. அயற் பட்டினங்களின் குப்பையிலோ பாதிக்கு மேல் மக்கக்கூடிய பொருளாகும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி, சபை சேகரிக்கும் குப்பை சபைக்கே உடைமை. அதனை விற்கவும் சபைக்கு அதிகாரமுண்டு. 2008ஆம் ஆண்டில் தொடங்கிய 'பிலிசரு' திட்டத்தின் கீழ் நாட்டின் பல உள்ளூராட்சி மன்றங்கள் கூட்டெரு நிலையங்களை அமைத்தன.

பிரிக்காது கொட்டினால் விளைவது யாதென நம் மாவட்டத்துப் பள்ளக்காடு காட்டிற்று. அக்குப்பைமேட்டிற் பொலித்தீனைத் தின்று, 2022ஆம் ஆண்டு சனவரிக்கு முந்திய எட்டாண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் மாண்டன. குப்பைக்குப் பழகிய யானைக்கு அயல் வயலும் தூரமன்று.

கலந்த குப்பையை மக்கவைத்துச் சலித்தால் பொலித்தீன் பெரும்பாலும் நீங்கும். பழைய பற்றரி முதலியவற்றிலிருந்து கசிந்த ஈயமும் கட்மியமும் சல்லடையில் நில்லா. நெற்பயிரோ கட்மியத்தை வேரால் உறிஞ்சி அரிசியிற் சேர்க்கும் இயல்புடையது. ஆகையால் விலை பேசுமுன், குப்பை வீடுகளிலேயே பிரித்துப் பெறப்பட்டதா, பார உலோகப் பரிசோதனை அறிக்கை உண்டா எனக் கேளுங்கள். அறிக்கை இல்லையெனின் வாங்கவேண்டாம்.

அடுத்து எருவைக் கையில் எடுத்துப் பாருங்கள். நன்கு மக்கியது கருங்கபில நிறமாய், மழை பெய்த மண்ணைப்போல் மணக்கும். ஒரு பிடியை நனைத்துப் பையிற் கட்டி மூன்று நாள் வையுங்கள். அவிழ்க்கையில் துர்நாற்றம் வீசினால் அது இன்னும் மக்கவில்லை. அத்தகைய எருவை நீர் நிற்கும் வயலில் இட்டால், சேற்றினுள் அழுகி நச்சு வாயுக்களை உண்டாக்கும்; இளவேர் கறுத்துப் பயிர் மஞ்சளிக்கும்.

மரக்கறி செய்வோர் இன்னுமொரு சோதனை செய்தல் நன்று. எருவும் மண்ணும் சம அளவு கலந்து ஒரு சட்டியிலும், தனி மண்ணை வேறொரு சட்டியிலும் இட்டு, ஒவ்வொன்றிலும் இருபது பயறு விதையுங்கள். ஒரு வாரத்தில் எருச்சட்டியின் நாற்றுகள் குன்றியோ குறைந்தோ தோன்றினால், அவ்வெருவைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடாது மேலும் ஒரு மாதம் நிழலிற் குவித்து, வாரமொருமுறை புரட்டி, மீண்டும் சோதியுங்கள்.

கண்ணாடிச் சில்லு ஒன்றேனும் கண்டால் முழுச் சுமையையும் திருப்பி அனுப்புங்கள். களை பிடுங்குவோர் வெறுங்காலுடன் சேற்றில் நிற்பவர்.