டிராக்பால் வாங்குவோர் கவனத்திற்கு

சென்ற ஆண்டு முதுகலை ஆய்வேட்டிற்காக, படமாக்கி வைக்கப்பட்ட பழைய நூல்களைக் கணினித் திரையில் நாள்தோறும் ஆறேழு மணி நேரம் படிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் மாதத்தில் வலக்கை ஆட்காட்டி விரலில் தொடங்கிய வலி முன்கை வரை ஏறிற்று. தேர்வு எழுத வேண்டிய கை அது! மருத்துவர் ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஆய்வேட்டின் இறுதி நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. ‘மவுஸை விட்டு டிராக்பாலுக்கு மாறு’ என்று தோழியர் சொல்ல, வாங்கினேன். வலி குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று ஆராய்ந்ததன் பயனே இக்கட்டுரை.

டிராக்பால், மல்லாத்தி வைத்த மவுஸ் போன்றது. கருவி மேசைமேல் அசையாது நிற்கும். அதில் பதிந்துள்ள பந்தை விரலால் உருட்ட, திரையில் அம்புக்குறி நகரும். பிரிட்டிஷ் கடற்படையின் ராடார்த் திரைக்காக ரால்ஃப் பெஞ்சமின் என்பார் 1946-இல் இதனை உருவாக்கினார். 1952-இல் கனடாக் கடற்படையின் டேட்டார் அமைப்பிலோ, முளைகளைச் சாய்க்கும் விளையாட்டுப் பந்தையே எடுத்துப் பொருத்திவிட்டனர்! ராடார்த் திரையில் புள்ளியைச் சுட்டினால் போதும். பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தும் ‘ஸ்க்ரோல்’ வேலை அங்கில்லை. ஸ்க்ரோல் சக்கரத்தைப் பரவலாக்கிய மைக்ரோசாஃப்டின் இன்டெல்லிமவுஸ் வந்ததே 1996-இல்தான். பிந்தி வந்த விருந்தாளிக்குப் பழைய வீட்டில் இடம் ஒதுக்கியது போல, ஒவ்வொரு நிறுவனமும் ஸ்க்ரோலுக்கு ஒவ்வோர் இடம் ஒதுக்கிற்று.

என் தவறு இங்கேதான். நான் வாங்கியது கட்டைவிரலால் பந்தை உருட்டும் வகை. லாஜிடெக் எம்575 இவ்வகையினது. அதிலும் சக்கரம் ஆட்காட்டி விரலின் கீழேயே இருக்கிறது. படிப்பவருக்கு அம்புக்குறியை நகர்த்தும் வேலை சிறிது. பக்கத்தை நகர்த்தும் வேலையே பெரிது. சக்கரத்தை ஆயிரம் முறை சுண்டிய அதே விரல், புதிய கருவியிலும் அதையே செய்துகொண்டிருந்தது!

எங்கள் ரெட்டியார்பாளையத்தில், வில்லியனூர் சாலையில் கணினித் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, தம் கருவியை முன்னே தள்ளினார். “பந்த விடும்மா, வளையத்த மட்டும் சுத்திப் பாரு” என்றார். பந்தைச் சுற்றி ஒரு வளையம். எந்த விரலாலும், குயவர் திகிரியைத் தொட்டுச் சுழற்றுவது போல மெல்லச் சுழற்றலாம்; பக்கம் நகர்கிறது. ஒரு விரல் சலித்தால் மறு விரல். கென்சிங்டன் ஆர்பிட்டில் இவ்வளையம் உண்டு. பந்து 40 மி.மீ. அதே நிறுவனத்தின் எக்ஸ்பர்ட் மவுஸில் பந்து 55 மி.மீ. இரண்டையும் இடக்கையாலும் இயக்கலாம் என்பது என் போன்றோர்க்குப் பெரும் பேறு. கட்டைவிரல் வகைகளில் பல வலக்கைக்கு மட்டுமே ஆனவை.

ஸ்லிம்பிளேடு என்னும் வகையில் வளையமும் இல்லை. புட்டி மூடியைத் திருகுவது போலப் பந்தையே திருக வேண்டும். அழகான ஏற்பாடுதான், ஆனால் இரண்டு மூன்று விரல்கள் கூடினால்தான் திருகலாம். நீண்ட நேரம் படிப்பவருக்கு இதனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சக்கரமே இல்லாத பழைய டிராக்பால் கைவசம் இருப்பின் எறிந்துவிட வேண்டாம். ஒரு பொத்தானை அழுத்தியவாறு பந்தை உருட்டினால் பக்கம் நகரும்படி லினக்ஸில் அமைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் இதற்குத் தனி மென்பொருள் வேண்டியிருக்கும். அதனைக் கல்லூரி ஆய்வகக் கணினியில் நிறுவ நமக்கு அனுமதி இராது. (ஸ்பேஸ் பட்டையைத் தட்டினாலும் பல இடங்களில் பக்கம் நகரும். காசில்லா வைத்தியம்!)

ஆகவே கடையில் அம்புக்குறியை ஓட்டிப் பார்த்து மயங்காதீர்கள். நீண்ட கோப்பு ஒன்றைத் திறந்து கால் மணி நேரம் படித்துப் பாருங்கள். எந்த விரல் முதலில் முணுமுணுக்கிறது, மணிக்கட்டு மேல்நோக்கி மடிகிறதா என்று கவனியுங்கள். உயரமான கருவியாயின் கைக்கு அடியில் ஒரு துணி மடிப்பு வைத்துக்கொள்ளலாம்.

நான் இப்போது வளையத்தை இடக்கையால் சுழற்றுகிறேன். முதல் பத்து நாள் தடுமாற்றம், பிறகு பழக்கம். வலி அடங்கி, ஆய்வேடும் உரிய நாளில் முடிந்தது. நம் ஊர்ப் புழுதிக்கும் வியர்வைக்கும் பந்து அடிக்கடி சிக்கும். வாரம் ஒருமுறை பந்தை வெளியே எடுத்து, அது அமர்ந்திருக்கும் மூன்று சிறு மணிகளின்மேல் படிந்த அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.