பாவையும் பொம்மையும்: சேர்ப்போர்க்குச் சில குறிப்புகள்

"பாவை" என்பது தமிழில் மிகப் பழைய சொல். கண்ணின் மணிக்கும், அழகிய பெண்ணுக்கும், மரத்தால் செய்த உருவத்துக்கும் அச்சொல் ஒன்றே பெயராக நிற்கிறது. திருவள்ளுவர் மரப்பாவையை இரண்டு இடங்களில் உவமையாக்குகிறார். நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் (1020) வருவது, கயிற்றால் ஆட்டப்பட்டு உயிருள்ளது போல் மயக்கும் பாவை. இரவு அதிகாரத்தில் (1058) வருவது, போய்வரும் பாவை. கயிறு கட்டி ஆட்டும் பாவையை அக்காலத்து மக்கள் நேரில் கண்டிருந்தாலன்றி இவ்வுவமைகள் அவர்களுக்கு விளங்கியிரா.

நான் இங்கே ஆராய எடுத்துக்கொண்டது அவ்வளவு பெரிய பொருளன்று. பாவைகளையும், பாவைகளின் சாயலில் செய்த பொம்மைகளையும் சிலர் சேர்த்து வைக்கிறார்கள். அவர்கள் உண்மையில் எதைச் சேர்க்கிறார்கள் என்பதே என் கேள்வி. என்னிடமும் 37 உருவங்கள் உள்ளன. வரலாற்று வகுப்பில் சான்றுகளைப் பற்றிப் படித்த பிறகே, இவையும் சான்றுகள் அல்லவா என்ற எண்ணம் எனக்கு வந்தது.

முதலில் அயல்நாட்டுச் செய்தி ஒன்று. அமெரிக்காவில் 1969 நவம்பர் 10-ஆம் நாள் 'செசமி ஸ்ட்ரீட்' என்னும் சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. ஜிம் ஹென்சன் உருவாக்கிய பாவைகள் அதில் எண்ணும் எழுத்தும் கற்பித்தன. எர்னி, பெர்ட், பெரிய மஞ்சள் பறவை முதலானவை உலகெங்கும் புகழ்பெற்றன. பின்னர் இவற்றின் உருவில் பொம்மைகள் விற்பனைக்கு வந்தன. அவற்றில் ஒருவகை, கை கால் கழுத்து மூட்டுகளை விரும்பியபடி திருப்பி நிறுத்தக்கூடியது. கடைக்காரர்கள் அதை 'ஆக்ஷன் ஃபிகர்' என்பர். ஹென்சனின் மற்றொரு படைப்பான 'மப்பெட் ஷோ' பாத்திரங்களை 2002 முதல் சில ஆண்டுகள் பாலிசேட்ஸ் என்ற நிறுவனம் இவ்வகையில் வெளியிட்டது. அவற்றை இன்றும் தேடித் தேடி வாங்குவோர் உளர்.

சிங்கப்பூரிலிருந்து வந்த என் அத்தை மகன் எனக்கு ஓர் எர்னி பொம்மை கொடுத்தான். அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. திரையில் நாம் காணும் எர்னி பெரும்பாலும் இடுப்புக்கு மேல்தான். கீழே இருப்பது ஆட்டுபவரின் கை. பொம்மையோ மேசைமேல் நிற்க வேண்டும். எனவே அதற்கு இரண்டு கால்களும் காலணியும் வேண்டும். திரையில் எந்தக் கை அதைப் பேசவைத்ததோ அந்தக் கை இருந்த இடத்தில் பொம்மைக்காரர் கால்களை வைத்துவிட்டார்! இங்கிலாந்தில் 1965-இல் வெளிவந்த 'தண்டர்பேர்ட்ஸ்' தொடரின் பாத்திரங்கள் நூலில் தொங்கும் பாவைகள். அவற்றின் சாயலில் வந்த மூட்டுப் பொம்மைகளில் நூல் கிடையாது. ஆக, பாவை பொம்மையாகும்போது முதலில் விடைபெறுபவர் ஆட்டுபவரே.

நம் நாட்டிலும் தொலைக்காட்சிப் பாவைகள் உண்டு. 2006-இல் தொடங்கிய 'கலி கலி சிம் சிம்' நிகழ்ச்சியின் சம்கி என்ற சிறுமியையும் பூம்பா என்ற சிங்கத்தையும் பலர் அறிவர். அதற்கு முன்னரே லிஜ்ஜத் அப்பள விளம்பரத்தில் வந்து சிரித்த முயலை மறந்தவர் இருக்க முடியாது. அது மும்பைக் கலைஞர் ராமதாஸ் பாத்யே செய்த பாவை.

கொலுவும் ஒரு சேகரிப்பே

கதைமாந்தரின் உருவங்களைச் சேர்க்கும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்தது என்று நண்பர் சிலர் கருதுகின்றனர். நவராத்திரிக்குத் தம் வீட்டுப் பரணைப் பார்த்தால் அவர்கள் கருத்து மாறும். ஆண்டுக்கு ஒரு புதுப்பொம்மையாவது வாங்க வேண்டும், படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், மரப்பாச்சி இணை கட்டாயம் இடம்பெற வேண்டும் என்றெல்லாம் முறை வைத்து, தசாவதாரம், கல்யாண செட், கிரிக்கெட் செட் என்று தொகுதி தொகுதியாகச் சேர்க்கிறோமே, இது வேறென்ன?

மேல்நாட்டுச் சேகரிப்பாளரிடம் எனக்கு விளங்காத ஒரு பழக்கம் உண்டு. பெட்டியைப் பிரிக்காத பொம்மைக்கே அவர்களிடம் விலை அதிகம். பிரிக்காமலே வைத்திருப்பதில் என்ன இன்பமோ! நம் கொலு இதற்கு நேர்மாறானது. ஆண்டுக்கொரு முறை எல்லாம் வெளியே வரும், துடைக்கப்படும், பத்தாம் நாள் இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து உறங்கச் செய்தபின் மீண்டும் உள்ளே போகும். அழகுக்காக மட்டும் இதை நான் சொல்லவில்லை. ஆண்டுதோறும் வெளியே எடுப்பதால்தான் எந்தப் பொம்மையில் விரிசல், எதில் பூச்சி என்பது காலத்தில் தெரிகிறது.

இன்னொரு பயனும் உண்டு. எங்கள் பாட்டி பொம்மைகளைச் சுற்றிவைத்த பழைய செய்தித்தாள்களை நான் எறிவதில்லை. தாளில் உள்ள நாள், அந்தப் பொம்மை எந்த ஆண்டு வீட்டில் இருந்தது என்பதற்குச் சான்று. எங்கள் செட்டியார் பொம்மைக்கு 1974-ஆம் ஆண்டுத் தாள் சுற்றியிருந்தது. கல்வெட்டில்லாத கோயிலுக்குக் காலம் கணிப்பதைவிட இது எளிது.

தஞ்சாவூரின் தலையாட்டி பொம்மை கொலுப்படியில் தனி இனம். ஏனைய பொம்மைகள் அசையா. இது கையும் நூலும் இன்றியே அசையும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அடிப்பாகம் உருண்டு கனத்த ராஜா ராணி. எடை முழுவதும் அடியில் தங்குவதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். மற்றொன்று நடனமாது. பாவாடை, உடல், தலை ஆகியவை தனித்தனியே கம்பிமுனைகளில் தொங்குகின்றன. விரலால் தொட்டால் ஒவ்வொன்றும் தன் கணக்கில் ஆடும். காகிதக்கூழ், மரவள்ளி மாவு, களிமண், சுண்ணப்பொடி ஆகியனவே இவற்றின் பொருள்கள். 2008-09-இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரிய கோயில் வாசலிலும் புன்னைநல்லூரிலும் இன்றும் வாங்கலாம். பிளாஸ்டிக்கில் வார்த்த போலிகளும் அருகிலேயே இருக்கும், தட்டிப் பார்த்து வாங்குக.

நிற்பதும் தொங்குவதும்

இவ்வளவு வகை பொம்மைகளுக்கு இடம்கொடுத்த கொலுப்படியில், பொம்மலாட்டப் பாவையை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. காரணம் எளிது. அது நிற்காது. பொம்மை நிற்பதற்காகச் செய்யப்பட்டது. பாவை தொங்குவதற்காகச் செய்யப்பட்டது.

தமிழகப் பொம்மலாட்டப் பாவைகள் இந்தியாவின் நூற்பாவைகளிலேயே பெரியவை, கனமானவை. நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் உள்ளவை உண்டு. எடை கூடாதிருக்கக் கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்குகிறார்கள். இராஜஸ்தானத்தில் நூல் விரலில் இருக்கும், இங்கே அப்படியன்று. துணி சுற்றிய இரும்பு வளையமொன்றைக் கலைஞர் தம் தலையில் அணிகிறார். பாவையின் நூல்கள் அவ்வளையத்தில் கட்டப்படுகின்றன. பாவையின் கைகளை மட்டும் மேலிருந்து இரு கம்பிகளால் இயக்குகிறார். ஆகவே பாவையின் எடையைக் கலைஞரின் கழுத்து தாங்குகிறது; அவர் தலை சாய்ந்தால் பாவை சாய்கிறது. அவரே காலில் சலங்கை கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் ஆட, அவ்வொலி பாவையின் சலங்கையொலியாக நமக்குக் கேட்கிறது. கும்பகோணத்தில் மணி ஐயர் வழியில் வந்த ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபா இக்கலையில் பெயர் பெற்றது. அரிச்சந்திரா, வள்ளி திருமணம், சீதா கல்யாணம் போன்ற கதைகளே பெரும்பாலும் ஆடப்படுவன. மராத்தியர் காலத்தோடு இங்கு வந்ததாகச் சொல்லப்படும் தோற்பாவைக் கூத்து தனிக் கட்டுரைக்கு உரியது. அதைப் பற்றி அ. கா. பெருமாள் விரிவாக எழுதியுள்ளார்.

குழுக்கள் குறைந்துவிட்டன. பாவைகள் விலைக்குப் போகின்றன. சென்ற ஆண்டு ஒரு சுற்றுலா விடுதியின் முன்கூடத்தில் இரண்டு பாவைகளைப் பார்த்தேன். தலையின் பின்புறம் ஆணி அறைந்து சுவரில் மாட்டியிருந்தார்கள். நூல்களை ஒட்ட அறுத்திருந்தார்கள். கைக்கம்பி இல்லை. யாருடைய உருவம் என்று கேட்டதற்கு, "ராஜா, ராணி" என்றார் அங்கிருந்தவர். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கியவரும் விற்றவரும் அவ்வளவுதான் சொல்லியிருப்பார்கள். அருகில் சென்று பார்த்தேன். ராணியின் வலத்தோளில் துளையின் ஓரம் நூல் உராய்ந்து ஆழமாகத் தேய்ந்திருந்தது. இடத்தோளில் அத்தேய்வு இல்லை. எத்தனையோ இரவுகள் அந்தக் கை மட்டும் மிகுதியாக உயர்ந்திருக்கிறது. எந்தக் காட்சியில், எதற்காக என்பதைச் சொல்ல எவருமில்லை.

அவற்றின் நிழற்படத்தைத் தொழிலை விட்டுவிட்ட முதிய கலைஞர் ஒருவரிடம் காட்டினேன். முழங்காலைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

"இது ஆடுற பாவை தம்பி. கால்ல மூட்டு இருக்குது பாருங்க" என்றார்.

"பேர் என்னங்க ஐயா இருக்கும்?"

"பேர் கேட்டா என்னத்தச் சொல்றது? கிரீடம் வச்சா அரிச்சந்திரன். எடுத்துட்டா சுடுகாடு காக்குறவன். உடுப்பும் பாட்டும்தான் பேரு."

அவ்விடையை நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். எர்னி பொம்மைக்கு நூறாண்டு கழித்தும் பெயர் தெரியும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறது, தொடரும் பதிவாகி இருக்கிறது. பெட்டியை இழந்தாலும் ஒளிப்படலத்தில் அந்தக் கை அசைந்துகொண்டே இருக்கும். நம் பாவைக்கு அப்படியொரு துணை இல்லை. அதன் பெயர், குரல், நடை மூன்றும் ஆட்டுபவரிடம் இருக்கின்றன. பாவையை மட்டும் வாங்குகிறவர் எடை குறைந்த மரத்துண்டை வாங்குகிறார்.

எனவே, ஆடிக்கொண்டிருக்கும் குழுவிடமிருந்து பாவையை விலைக்குக் கேட்பதைச் சேகரிப்பாளர் தவிர்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு பாவை போனால் ஒரு கதை ஆட முடியாமல் போகலாம். பாவை வேண்டுவோர் புதிதாகச் செய்யச் சொல்லலாம். அல்லது அதே பணத்துக்கு ஓர் இரவு ஆட்டம் வைக்கலாம். பொம்மைக்கு நாடு கடந்து இடம் தேடிய கார்ட்டூனிஸ்ட் சங்கர், 1965-இல் தில்லியில் பொம்மைக் காட்சியகம் அமைத்தபோது, அங்கேயே பொம்மைப் பட்டறையும் நடத்தி, இந்திய உடையணிந்த புதிய பொம்மைகளைச் செய்வித்து மற்ற நாடுகளோடு மாற்றிக்கொண்டார். இருப்பதைப் பறிக்காமல் சேர்க்க அதுவும் ஒரு வழி.

ஏற்கெனவே கைவிடப்பட்ட பாவை கிடைத்தால், முதல் வேலை எழுதுவது. நான் ஒரு நீளக் கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன். மரம், எடை, மூட்டுகள், நூல் கட்டிய துளைகள், எந்தத் துளை எவ்வளவு தேய்ந்தது என்பதையெல்லாம் குறிக்கிறேன். தெரிந்தவர் கிடைத்தால் அதை ஆட்டச் சொல்லிக் கைப்பேசியில் பதிவு செய்கிறேன். அறுந்த நூலைக்கூட அதே துளையில் விட்டுவைக்க வேண்டும். முடிச்சுப் போட்ட விதத்தில் ஒரு குடும்பத்தின் கைப்பழக்கம் இருக்கிறது. பழைய வண்ணத்தின்மேல் எனாமல் பூசுவது வேண்டாம்.

நம் ஊர் ஈரத்தில் காப்பாற்றுவது எளிதன்று. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காகிதக்கூழ் பொம்மை உப்பும். மரவள்ளி மாவு சேர்ந்ததென்றால் கரப்பானுக்கும் எலிக்கும் அது உணவு. நெல் மூட்டை இருக்கும் அறையில் பொம்மைப் பெட்டியை ஒருகாலும் வைக்கலாகாது. கல்யாண முருங்கை மரத்தில் உளு விழுந்தால் மாவாய்க் கொட்டும். பிளாஸ்டிக் உறையில் கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியே நல்ல உறை. வசம்புத் துண்டுகளை இடையில் போடலாம். தை பிறந்து வெயில் ஏறியதும் நிழலில் காற்றாட வைத்தல் நன்று. பாவையை ஆணியில் அறையாமல், இரு முனையும் கயிற்றில் தொங்கும் மூங்கிலில், தலைநூலால் தொங்கவிட வேண்டும். அதன் மூட்டுகள் அந்நிலைக்கே செய்யப்பட்டவை.

நானும் விடுதி நண்பர்கள் நால்வரும் பணம் சேர்த்து, ஒன்றரை அடியில் ஒரு கோமாளிப் பாவை செய்யச் சொல்லியிருக்கிறோம். மரம் வெட்டி நிழலில் உலர்கிறது. தலைக்கும் தோளுக்கும் மட்டும் நூல் போதுமா, இடுப்புக்கும் வேண்டுமா என்று தச்சர் கேட்டனுப்பினார். இடுப்புக்கும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்; கோமாளி குனிந்து கும்பிட வேண்டுமல்லவா.