கொல்லுப்பட்டறையும் லண்டன் கோட்டும்

"பாலிடெக்னிக் பையனுக்கு இங்கிலீஷ் நாவல் எதுக்குடா?" என்று என் அறை நண்பன் கேட்டான். ஸ்மித்தி ஷாப்பில் சம்மட்டி பிடித்துக் கை காய்த்த ஒவ்வொருவனும் படிக்க வேண்டிய நாவல் ஒன்று உண்டு. அது சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'.

ஆசிரியர்

1812-ல் பிறந்த டிக்கன்ஸ் கஷ்டம் தெரிந்தவர். 1824-ல் கடனுக்காக அவருடைய அப்பாவை மார்ஷல்சி சிறையில் அடைத்தார்கள். பன்னிரண்டு வயசிலேயே ஷூ பாலீஷ் கம்பெனியில் லேபிள் ஒட்டும் வேலை பார்த்தார். இந்த நாவல் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்ட் வரை அவர் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது.

கதை

தாய் தகப்பன் இல்லாத பிப்பை அக்கா அடித்து வளர்க்கிறாள். அக்கா புருஷன் ஜோ ஊர்க் கொல்லர். எழுத்து வாசனை இல்லாவிட்டாலும் தங்கமான மனிதர். தப்பி வந்த கைதி மாக்விட்ச் மிரட்டியதால், கால் விலங்கை அறுக்க ஓர் அரத்தையும், வீட்டுச் சாப்பாட்டையும் பிப் திருடிக் கொடுக்கிறான்.

பிறகு ஹாவிஷாம் என்ற பணக்கார அம்மாளின் வீட்டில் வளரும் எஸ்டெல்லா, அவனுடைய முரட்டுக் கையையும் தடித்த பூட்ஸையும் கேலி செய்கிறாள். அன்றிலிருந்து பட்டறை அவனுக்குக் கசக்கிறது. முகம் தெரியாத ஒருவர் வக்கீல் மூலம் பணம் தர, லண்டன் போய் 'ஜென்டில்மேன்' ஆகிறான். பணம் தந்தது அந்த அம்மாள்தான் என்று நம்புகிறான். உண்மையில் தந்தது, நாடு கடத்தப்பட்டு நியூ சவுத் வேல்ஸில் ஆடு வளர்த்துச் சம்பாதித்த அதே கைதி! எஸ்டெல்லாவும் அந்தக் கைதி பெற்ற மகள்தான்.

சமூகக் கருத்து

மாக்விட்சும் காம்பேசனும் கூட்டாகக் குற்றம் செய்தவர்கள். படித்த, நல்ல கோட்டு போட்ட காம்பேசனுக்கு 7 வருஷம். ஏழை மாக்விட்சுக்கு 14 வருஷம். சட்டமும் சட்டையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னது என்கிறார் டிக்கன்ஸ்.

என்னைச் சுட்ட இடம்

ஜோ லண்டனுக்குப் பிப்பைப் பார்க்க வருகிறார். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை; வைத்தாலும் விழுந்துகொண்டே இருக்கிறது. தான் வளர்த்த பையனையே 'சார்' என்று கூப்பிடுகிறார். பிப்புக்கு வெட்கம் பிடுங்குகிறது.

இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். போன வருஷம் அப்பா தோளில் துண்டோடும், கையில் முறுக்குப் பையோடும் ஹாஸ்டலுக்கு வந்தார். பையை வாசலிலேயே வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். "யாருடா வந்தது?" என்று கேட்டவனிடம் "ஊர்க்காரர்" என்றேன்.

முடிவுரை

பிப் காய்ச்சலில் விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் ஜோதான். அவனுடைய கடனையும் அடைத்துவிட்டு, சொல்லாமல் ஊர் திரும்புகிறார். ஜென்டில்மேன் யார் என்பது பிப்புக்கு அப்போதுதான் புரிகிறது.

இந்த மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை அப்பாவிடம் கொடுத்து, நானே உட்கார்ந்து படித்துக் காட்டுவேன். 'ஊர்க்காரர்' என்ற இடத்தையும் விடாமல் படிப்பேன். அடுத்த முறை அவர் வந்தால் வாசலில் நிற்க மாட்டார். என் அறைக்கு வருவார்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை